கப்பல் தவறியவர்களின் ஹோட்டல்: காலிக் கோட்டை ஓரியண்டலின் கதை

இலங்கையின் தென்கரையில் உள்ள காலிக் கோட்டைக்குள் சர்ச் தெருவில் நீளமான தாழ்வாரமும் உயரமான கூரையும் கொண்ட பழைய மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்கள்) 1755இல் கட்டி முடித்த தேவாலயம் அதன் பக்கத்து மனை. இன்று அந்தக் கட்டடத்தின் பெயர் அமன்கல்ல. மிகுந்த செல்வம் உள்ளவர்கள் தங்கும் விடுதி. அதற்கு முன் ஏறத்தாழ நூறாண்டு காலம் அது நியூ ஓரியண்டல் ஹோட்டல். அதற்கும் முன் வெறும் ஓரியண்டல் ஹோட்டல்.

சுற்றுலாக் கையேடுகள் இதன் வரலாற்றை 1684இல் தொடங்கும். ஒல்லாந்துத் தளபதியின் தலைமையகமாக எழுந்த கட்டடம், பிறகு பிரிட்டிஷ் படையினரின் குடியிருப்பு, பிறகு ஹோட்டல், கடைசியில் சொகுசு விடுதி என்று ஒரே ஏறுவரிசையாகச் சொல்லி முடிப்பார்கள். கட்டடத்தின் வயதைச் சொல்வதற்கு இந்த வரிசை போதும். ஹோட்டல் எதற்காக வந்தது என்பதை இது சொல்லாது. அந்த ஹோட்டலை உண்டாக்கியவை நிலக்கரியும் தபாலும். காலியைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்களை நம்பி அது திறக்கப்படவில்லை. அடுத்த கப்பல் வரும்வரை வேறு வழியின்றிக் கரையில் நின்றவர்களை நம்பித் திறக்கப்பட்டது. அதன் எழுச்சி, வீழ்ச்சி இரண்டுக்கும் விளக்கம் இதற்குள் இருக்கிறது.

காலித் துறை மிகப் பழையது. 1344இல் இபன் பதூதா இங்கே வந்து போனார். 1409ஆம் ஆண்டு தேதியிட்டு, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹெ கொண்டுவந்து நாட்டிய மும்மொழிக் கல்வெட்டு ஒன்று காலியில் கிடைத்தது. சீனம், பாரசீகம், தமிழ் மூன்றும் ஒரே கல்லில். தமிழ்ப் பகுதி தெற்கே தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தென்னாவர நாயனாரைப் போற்றிக் காணிக்கைப் பட்டியல் தருகிறது. சீனப் பகுதி புத்தரைப் பாடுகிறது; பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. யார் மனமும் கோணாமல் மூன்று தரப்புக்கும் காணிக்கை வைத்த அந்த ராஜதந்திரத்தை ரசிக்காமல் இருக்க முடியாது. 1911இல் பொறியாளர் ஒருவர் கண்ணில் படும்வரை அந்தக் கல் காலியில் ஒரு மதகின் மேல்மூடியாகக் கிடந்தது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தக் கடற்கரையின் வணிக மொழிகளில் தமிழும் ஒன்றாக இருந்தது என்பதற்கு அதைவிட உறுதியான சான்று தேவையில்லை. கோட்டைக்குள் வாழும் சோனகக் (இலங்கை முஸ்லிம்) குடும்பங்கள் பலவற்றின் வீட்டு மொழி இன்றும் தமிழ்தான். ஹோட்டலின் கதையிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

போர்த்துக்கேயர் 1588இல் இங்கே அரண் எழுப்பினார்கள். 1640இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்து, கருங்கல்லும் பவளக்கல்லும் கொண்டு இன்று நாம் பார்க்கும் பெரிய மதில்களாக வளர்த்தார்கள். 1796இல் ஆங்கிலேயர் கைக்குக் கோட்டை வந்தது. கோட்டை கைமாறினாலும் தெருக்கள் பெரிதாக மாறவில்லை. தளபதியின் கட்டடத்தில் ஆங்கிலப் படையினர் குடியேறினார்கள். பாய்க்கப்பல் காலம் தொடர்ந்திருந்தால் அது படைக் குடியிருப்பாகவே இருந்து இடிந்திருக்கும்.

மாற்றம் 1840களில் வந்தது. பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியின் ‘ஹிந்துஸ்தான்’ என்ற நீராவிக் கப்பல் 1842 செப்டம்பரில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனை விட்டுக் கிளம்பி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கல்கத்தா சேர்ந்தது. அடுத்த ஆண்டிலிருந்து கல்கத்தாவுக்கும் சூயஸுக்கும் இடையே தபால் ஓட்டம் தொடங்கியது. வழியில் மதராஸ், காலி, ஏடன். அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. இங்கிலாந்திலிருந்து வருபவர்கள் அலெக்சாந்திரியாவில் இறங்கி, எகிப்தைத் தரைவழியே கடந்து, சூயஸில் வேறு கப்பல் ஏற வேண்டும். மதராஸ் மாகாணத்து ஆங்கில அதிகாரிகள் விடுமுறைக்குத் தாயகம் போவதும், புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்கள் மதராஸ் கரையில் மசூலாப் படகில் நனைந்துகொண்டு இறங்குவதும் காலியைத் தொட்டுத்தான் நடந்தன.

காலியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு வரைபடமே பதில். ஏடனிலிருந்து இலங்கைக்கு ஏறக்குறைய 2,100 கடல் மைல். அந்தக் கால இயந்திரங்கள் நிலக்கரியைத் தின்று தீர்க்கும். அவ்வளவு தூரம் ஓடிவந்த கப்பல் நிரப்பிக்கொள்ளாமல் மேலே போக முடியாது. அரபிக்கடலிலிருந்து வங்கக்கடலுக்குள் திரும்பும் கப்பல்கள் எல்லாமே இலங்கையின் தென்முனையைச் சுற்றித்தான் ஆக வேண்டும். அந்த வழியில் பாதையை விட்டு விலகாமல் ஒதுங்கக் கிடைத்த இயற்கைத் துறை காலி. கொழும்பு அப்போது அலையைத் தடுக்க அணைகூட இல்லாத திறந்த கடல்.

1845இல் சீனத் தபாலும் இந்த ஏற்பாட்டில் சேர்ந்தது. காலியிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வழியாக ஹாங்காங். பின்னர் பம்பாயிலிருந்து சீனா போகும் கப்பல்களும் இங்கே நின்றன. 1850களில் ஆஸ்திரேலியத் தபாலும் வந்து சேர்ந்தது. ஆக, சூயஸ், கல்கத்தா, பம்பாய், சீனா, ஆஸ்திரேலியா என்று ஐந்து திசைக் கப்பல்கள் ஒரே சிறிய துறையில் சந்தித்துப் பயணிகளையும் தபால் மூட்டைகளையும் மாற்றிக்கொண்டன. ரயில் சந்திப்பு நிலையத்தில் இணைப்பு வண்டிக்காக உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை நினைத்துக்கொண்டால் போதும், அன்றைய காலி விளங்கிவிடும்.

இணைப்பு என்றாலே தவறும். சீனக் கடலில் ஒரு புயல் அடித்தால் காலியில் காத்திருக்கும் கல்கத்தாக் கப்பலின் கணக்குப் புரளும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர் தமது கப்பல் முந்தின நாளே போய்விட்டதை இறங்கிய பிறகுதான் அறிவார். கப்பலிலேயே இருந்துவிடலாம் என்றாலோ, நிலக்கரி ஏற்றும் வேலை நடந்துகொண்டிருக்கும். கூடை கூடையாகக் கரி ஏறும்போது கப்பல் முழுதும் கரும்புழுதி. அறைகளின் சாளரங்களை அடைத்துவிட்டால் உள்ளே வெப்பம். தாங்க முடிந்தவர் தங்கலாம். மற்றவர்கள் படகேறிக் கரைக்கு வந்தார்கள். சிலருக்கு சில மணி நேரம், சிலருக்கு ஒரு வாரம். இந்தக் கூட்டத்துக்கு உணவும் கட்டிலும் குளிக்கத் தண்ணீரும் வேண்டியிருந்தன. கோட்டைக்குள் சிறிய தங்குமிடங்கள் முளைத்தது இதனால்தான்.

துறையின் ஆபத்தும் காத்திருப்பை நீட்டியது. காலி விரிகுடா தெற்கு நோக்கித் திறந்திருக்கிறது. வாய்ப்பகுதியில் நீருக்குள் மறைந்த பாறைகள். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தால் உள்ளே நங்கூரமிட்ட கப்பல்கூடத் தப்பும் என்று சொல்ல முடியாது. 1860 மே மாதம் ‘மலபார்’ என்ற பி அண்ட் ஓ கப்பல் துறைக்குள்ளேயே பாறையில் மோதி மூழ்கியது. அதில் இருந்தவர்கள் சாதாரணப் பயணிகள் இல்லை. இரண்டாம் அபினிப் போரை முடித்துவைக்கச் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவும் பிரெஞ்சுத் தூதர் பரோன் குரோவும் அதில் இருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் தூதர்களின் நியமனப் பத்திரங்களும், கப்பலில் இருந்த பெருந்தொகை வெள்ளியும் தண்ணீருக்குள் போய்விட்டன. முக்குளிப்பவர்கள் இறங்கிப் பத்திரங்களை எடுத்துக் காயவைக்கும்வரை இரு பேரரசுகளின் தூதர்கள் காலியில் கிடந்தார்கள். அதே எல்ஜின்தான் அவ்வாண்டு அக்டோபரில் பீக்கிங்கின் கோடை அரண்மனையைக் கொளுத்த உத்தரவிட்டவர். அவருடைய பத்திரங்கள் காலியின் வெயிலில் காய்ந்தன என்பதை நினைத்தால் வரலாறு சில இடங்களை எவ்வளவு அலட்சியமாகக் கடந்துபோகிறது என்று தோன்றும்.

காத்திருப்போர் கூட்டம் எந்த அளவு செய்தியையும் சுமந்து வந்தது என்பதற்கு ஒரு கிளைக்கதை. ஐரோப்பாவின் செய்தித்தாள்கள் முதலில் காலியில்தான் இறங்கும். கொழும்பு அங்கிருந்து ஏறக்குறைய 72 மைல். குதிரை வண்டிக்கு ஒரு பகல் முழுதும் ஓட்டம், நடுவில் பெந்தோட்டையில் உணவு. கொழும்பில் வெளிவந்த ‘சிலோன் அப்சர்வர்’ பத்திரிகை அந்த ஒரு பகலையும் பொறுக்கவில்லை. 1850களில் புறாக்களைப் பழக்கி, காலியில் கப்பல் வந்ததும் செய்திச் சுருக்கத்தைப் புறாவின் காலில் கட்டிக் கொழும்புக்கு விட்டது. கிரிமியப் போரின் போக்கைக் கொழும்பு வணிகர்கள் தெரிந்துகொண்டது புறாக்கள் பறந்த அந்த ஆண்டுகளில்தான். 1858இல் தந்திக் கம்பி வந்ததும் புறாக்களுக்கு வேலை போயிற்று. காலி ஒருவகையில் தெற்காசியாவின் செய்தி வாசல். அந்த நிலை அதன் நிலக்கரியோடு ஒட்டியிருந்தது.

இந்தச் சூழலில்தான், 1860களில், சர்ச் தெருவின் படைக் குடியிருப்பு ஓரியண்டல் ஹோட்டலாக மாறியது. சிறு தங்குமிடங்கள் ஏற்கெனவே இருந்த ஊரில் பெரிய ஹோட்டல் ஒன்றுக்கு முதலீடு செய்ய இடம் இருந்தது என்றால், வந்திறங்கியவர்களின் எண்ணிக்கையையும் அவர்களின் பையில் இருந்த பணத்தையும் ஊகித்துக்கொள்ளலாம். இடமும் பொருத்தம். படகுத் துறையிலிருந்து, ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 1669ஆம் ஆண்டுச் சின்னம் பொறித்த பழைய வாசலுக்குள் நுழைந்தால், சில நிமிட நடையில் ஹோட்டலின் தாழ்வாரம். படையினருக்காக வரிசையாகப் பிரித்த அறைகளும் நடுவே பெரிய கூடமும் இருந்ததால், ஹோட்டலாக்க அதிகம் இடிக்க வேண்டியிருந்திருக்காது. படைக் குடியிருப்பை ஹோட்டலாக்குவது அந்தத் தீவில் பிறகும் நடந்தது. கொழும்புத் துறைமுகத்தின் முன் 1875இல் திறந்த கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலும் படையினரின் கட்டடத்தில் வந்ததே.

ஹோட்டல் தாழ்வாரத்தில் என்ன நடந்தது என்பதை அந்தக் காலப் பயணிகள் சலிக்காமல் எழுதியிருக்கிறார்கள். கப்பல் நங்கூரமிடுவதற்கு முன்பே பக்கக்கட்டை வைத்த சிங்களத் தோணிகள் சூழ்ந்துகொள்ளும். கரையில் கால் வைத்ததும் வணிகர்கள் சூழ்வார்கள். நீலக்கல், சந்திரகாந்தக் கல், வைடூரியம், ஆமையோட்டுச் சீப்பு, கருங்காலியில் செதுக்கிய யானை, முள்ளம்பன்றி முள் பதித்த பெட்டி, தென்கரைப் பெண்கள் பின்னும் பீரளு லேஸ் எல்லாம் தாழ்வாரப் படிகளில் விரிக்கப்படும். கல் வணிகத்தில் முன்னின்றவர்கள் சோனகர்கள். சொன்ன விலை பத்தில் ஒன்றாக இறங்கியது என்று பயணிகள் கேலி செய்தார்கள். வாங்கியது வெறும் கண்ணாடி என்று புலம்பியவர்களும் உண்டு. இந்தக் கேலியை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. நாளைக்குக் கப்பலேறிப் போய்விடும், ஒருபோதும் திரும்பி வராத வாடிக்கையாளரிடம் எந்த ஊர் வணிகரும் உச்ச விலையில்தான் தொடங்குவார். கற்களைத் தரம் பார்த்து இரத்தினபுரியிலிருந்து வாங்கி, பட்டைதீட்டி, உலகச் சந்தைக்குத் தள்ளும் திறமை அந்தக் குடும்பங்களிடம் இருந்தது. துறைமுகம் போன பிறகும் அந்தத் தொழில் போகவில்லை என்பதே அதற்குச் சாட்சி. கோட்டைத் தெருக்களில் இன்றும் இரத்தினக்கல் கடைகள் இருக்கின்றன.

ஒரு பகலே கையில் இருந்தவர்களுக்கு வழக்கமான சுற்று ஒன்று இருந்தது. வாடகை வண்டியில் கறுவாத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு வக்வெல்ல குன்றுக்குப் போய், கீழே கிங் ஆறு வளைந்து ஓடும் வயல்வெளியைப் பார்த்துவிட்டு, இளநீர் குடித்துத் திரும்புவது. இலங்கை பற்றி எழுதிய எத்தனையோ விக்டோரியப் பயணிகள் பார்த்த இலங்கை இந்தச் சில மைல்தான். அதை வைத்து அவர்கள் தீவு முழுவதையும் பற்றித் தீர்ப்புச் சொன்னதும் உண்டு.

ஹோட்டலின் பெயர் பதிவேட்டில் இல்லாதவர்களையும் சொல்ல வேண்டும். கரி சுமந்தவர்கள், கப்பல் புறப்படும் முன் அழுக்குத் துணிகளை வெளுத்துத் தர வேண்டிய சலவைத் தொழிலாளர்கள், தோணி தள்ளியவர்கள், சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கிய பங்கா விசிறியைக் கயிற்றால் இழுத்தவர்கள். கப்பல் அட்டவணைதான் அவர்களுக்கும் சோறு போட்டது. இரு கப்பல்கள் ஒரே நாளில் வந்தால் இரவெல்லாம் வேலை. வராத நாட்களில் வருமானமே இல்லை.

1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. முதற்பார்வையில் இது காலிக்கு நல்ல செய்தி. எகிப்தைத் தரைவழியே கடக்க வேண்டாம் என்றானதும் கப்பல்கள் பெருகின. பெருகியதோடு பெரிதாகவும் ஆயின. அங்கேதான் காலிக்குச் சிக்கல். குறுகிய வாயும் பாறைகளும் பழைய கப்பல்களுக்கே போதாத இடம். 1871 நவம்பரில் ‘ரங்கூன்’ என்ற இன்னொரு பி அண்ட் ஓ கப்பல் துறைக்கு வெளியே காதிர் பாறையில் மோதி மூழ்கியது. கப்பல் கம்பெனிகளும் காப்பீட்டாளர்களும் இதைக் குறித்துக்கொண்டார்கள்.

காலியைச் சீர்படுத்துவதா, கொழும்பில் புதிதாகத் துறைமுகம் கட்டுவதா என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. காலியைக் கெடுத்தது பாறை என்று பொதுவாகச் சொல்வார்கள். பாறையை வெடிவைத்துத் தகர்க்கலாம். செலவு ஆகும், முடியாத காரியமல்ல. முடிவைத் தள்ளியது மலைநாட்டுக் கோப்பி (காப்பி) என்பதே என் கணிப்பு. தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த கூலித் தொழிலாளர்கள் பயிரிட்டுப் பறித்த கோப்பி கண்டியிலிருந்து கொழும்புக்குத்தான் இறங்கியது. 1867இல் கொழும்பு–கண்டி ரயில் பாதை முடிந்த பிறகு அந்தப் போக்கு இரும்பில் உறுதியாகிவிட்டது. தோட்ட முதலாளிகள், வங்கிகள், ஏற்றுமதிக் கம்பெனிகள் எல்லாம் கொழும்பில். பயணிகளை இறக்கும் துறையும் சரக்கை ஏற்றும் துறையும் ஒன்றாக இருப்பதுதான் லாபம். காலியின் பின்னால் அதற்கு ஈடான சரக்கு இல்லை. அது பிறருடைய பயணத்தில் ஒரு நிறுத்தமாக மட்டும் இருந்தது.

ஆளுநர் வில்லியம் கிரெகரி கொழும்பைத் தேர்ந்தார். பொறியாளர் சர் ஜான் கூட் வரைந்த திட்டப்படி எழுந்த அலைதடுப்பு அணைக்கு 1875 டிசம்பர் 8ஆம் தேதி வேல்ஸ் இளவரசர் முதற்கல் வைத்தார். கிராண்ட் ஓரியண்டல் திறந்ததும் அதே ஆண்டின் நவம்பரில் என்பதைக் கவனிக்க வேண்டும். 154 அறைகளோடு அது துறைமுகத்துக்கு நேரெதிரில் நின்றது. முதலீட்டாளர்கள் அணை முடியும்வரை காத்திருக்கவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் மதராஸும் தன் திறந்த கரையில் துறைமுகம் கட்டத் தொடங்கி, 1881 புயலில் கட்டியதன் பெரும்பகுதியை இழந்தது. கொழும்புக்கு அந்தத் துரதிர்ஷ்டம் நேரவில்லை. 1880களின் தொடக்கத்தில் பி அண்ட் ஓ தன் கப்பல்களைக் கொழும்புக்கு மாற்றிக்கொண்டது. 1885இல் தென்மேற்கு அணை முடிந்தது.

இதற்கு நடுவில் காலியில் ஒரு முரண்நகை. கோட்டைக்குள் வண்டிப் போக்குவரத்து நெரிகிறது என்று 1873இல் வடக்கு மதிலை உடைத்துப் புது வாசல் அமைத்தார்கள். இன்று கோட்டைக்குள் நுழையும் பெரும்பாலோர் கடப்பது அந்த வாசலைத்தான். அது திறந்து பத்தாண்டு ஆவதற்குள் நெரிசலுக்குக் காரணமான கப்பல்கள் போய்விட்டன. இந்தப் பழைய துறையின் பெருமை அடங்கிய காலத்தில், 1880 மே 17ஆம் தேதி, பிரம்மஞான சபையை நிறுவிய கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் காலியில் வந்திறங்கினார்கள். அதே மாதம் 25ஆம் தேதி அவர்கள் காலி விஜயானந்த விகாரையில் பஞ்சசீலம் ஏற்றது இலங்கைப் பௌத்த மறுமலர்ச்சியில் ஒரு திருப்பம். காலி வரவேற்ற கடைசிப் பெரிய விருந்தினர்கள் அவர்கள் என்று சொன்னால் மிகையாகாது. பத்தாண்டு கழித்து 1890இல் வந்த ரஷ்ய எழுத்தாளர் செகாவ் இறங்கியது கொழும்பில்.

1894இல் ரயில் காலிக்கு வந்து, அடுத்த ஆண்டு மாத்தறைக்கு நீண்டது. இது காலியைத் தூக்கிவிடும் என்று நம்பியவர்கள் இருந்திருக்கலாம். உள்ளூர் வணிகத்துக்கு உதவியது. கப்பலைத் திருப்பிக் கொண்டுவர ரயிலால் ஆகவில்லை.

1899இல் ஹோட்டல் எஃப்ராம்ஸ் என்ற பறங்கியர் குடும்பத்தின் கைக்கு வந்து, நியூ ஓரியண்டல் ஆயிற்று. பறங்கியர் ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் வழிவந்த கலப்புச் சமூகம். ஆங்கில ஆட்சியில் எழுத்தர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் மருத்துவர்களாகவும் இருந்தவர்கள். எஃப்ராம்ஸ் குடும்பம் ஹோட்டல் தொழிலில் தேர்ந்தது. ஆனால் அவர்கள் வாங்கியது ஓடும் வணிகமல்ல. இணைப்புக் கப்பல் இல்லாத ஊரில் இணைப்புக்குக் காத்திருப்பவர்களின் ஹோட்டல். தென் மாகாண அலுவலாக வந்த அதிகாரிகள், தோட்ட முதலாளிகள், எப்போதாவது ஒரு சுற்றுலாப் பயணி, ஊர்ப் பெரியவர்களின் திருமண விருந்துகள் என்று அது ஓடியது. பெயரில்தான் புதுமை.

இங்கேதான் இந்தக் கதையின் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. வியாபாரம் மங்கியதால் கட்டடம் பிழைத்தது. கொழும்பில் பணம் புரண்டது. பழையதை இடித்துப் புதியது கட்டப் போதிய காரணம் இருந்தது. காலியில் இடிக்கவும் பணமில்லை, கட்டவும் பணமில்லை. ஒல்லாந்துக் காலத்துத் தடித்த சுவர்களும் அகன்ற பலகைத் தரைகளும் பழைய கட்டில்களும் அலமாரிகளும் அப்படியே கிடந்தன. கோட்டை முழுவதற்கும் இதே விதிதான். 1988இல் யுனெஸ்கோ காலிக் கோட்டையை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது போற்றப்பட்ட அந்த முழுமை, நூறாண்டு மந்த வியாபாரத்தின் பயன். பாதுகாப்புச் சட்டங்கள் பிறகு உதவின. முதலில் காத்தது பணப்பஞ்சம்.

ஹோட்டலின் பக்கத்தில் ஒல்லாந்தர் 1656இல் கட்டியதாகச் சொல்லப்படும் தூண்வரிசைப் பண்டகசாலை ஒன்று உண்டு. கோட்டைக்குள் எஞ்சியவற்றில் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று. நியூ ஓரியண்டல் காலத்தில் அது ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் அறையாக இருந்தது. 1986இல் அது காலி தேசிய அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இன்று அங்கே போனால் ஆமையோட்டுப் பொருள்களும் லேஸும் முகமூடிகளும் காட்சிப்பெட்டியில் இருக்கின்றன. ஒரு காலத்தில் பக்கத்துத் தாழ்வாரத்தில் பேரம் பேசி விற்ற அதே வகைப் பொருள்கள்.

நடுவில் ஒரு முறை தபால் காலிப் பக்கம் திரும்பி வந்தது. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான விமானத் தொடர்பு அறுந்தது. 1943 ஜூலையிலிருந்து ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் பெர்த் நகரிலிருந்து காலிக்கு அருகில் உள்ள கொக்கலை ஏரிக்குக் கடல் விமானங்களை ஓட்டியது. இடையில் எங்கும் நிற்காமல் ஒரு நாளுக்கும் மேலான பறப்பு. பயணிகள் இருமுறை சூரியோதயம் பார்த்ததால் இரட்டைச் சூரியோதய ஓட்டம் என்று பெயர் பெற்றது. எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியத் தபாலுக்குக் காலி வேண்டியிருந்த அதே புவியியல் காரணம் மீண்டும் தலைகாட்டியது. போர் முடிந்தது, ஓட்டமும் நின்றது.

பிறகு நீண்ட காலம் நியூ ஓரியண்டல் என்றால் நெஸ்டா புரோயர் அம்மையார். எஃப்ராம்ஸ் குடும்பத்தில், அந்த ஹோட்டலிலேயே 1905இல் பிறந்தவர். அரைநூற்றாண்டுக்கும் மேல் வாழ்வு அந்தக் கூரையின்கீழ். 1960களிலிருந்து நிர்வாகம் அவரிடம் இருந்தது. 1970களிலும் 80களிலும் முதுகுப்பையோடு வந்த வெளிநாட்டு இளைஞர்கள் குறைந்த வாடகையில் ஆளுநருக்குரிய அளவில் அறை கிடைப்பதைக் கண்டு வியந்தார்கள். கூரை ஒழுகியது, தண்ணீர் சில வேளைகளில் வரவில்லை, பணியாளர்கள் அம்மையாரோடு சேர்ந்து முதுமை அடைந்தார்கள். 1995இல் அவர் மறைந்தார். அத்தோடு குடும்ப ஹோட்டல் என்ற நிலையும் முடிவை நெருங்கியது.

சொகுசு விடுதிகள் நடத்தும் அமன் நிறுவனம் கட்டடத்தை எடுத்துப் பழுதுபார்த்து, 2004இன் கடைசியில் அமன்கல்ல என்று திறந்தது. சில வாரங்களிலேயே டிசம்பர் 26 வந்தது. ஆழிப்பேரலை காலி நகரத்தின் பேருந்து நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் புரட்டிப்போட்டது. ஒல்லாந்து மதில்கள் பீரங்கிக்காகக் கட்டப்பட்டவை. அன்று கடலைத் தடுத்தன. கோட்டைக்குள் சேதம் ஒப்பீட்டளவில் மிகக் குறைவு. புத்தம்புதிதாகத் திறந்த ஹோட்டல் விடுமுறைக்கு வந்தவர்களோடு தப்பி வந்தவர்களுக்கும் புகலிடமாயிற்று. மதிலுக்கு வெளியே சில நூறு அடிகளில் இருந்த மைதானம் மீண்டும் டெஸ்ட் ஆட்டத்துக்குத் தயாராக 2007 டிசம்பர் வரை ஆனது. 2010 ஜூலையில் முத்தையா முரளிதரன் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தியது அங்கேதான்.

இன்றைய அமன்கல்லவின் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பது இனிமையாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. மெருகிட்ட தரையும் பழைய மரச்சாமான்களும் நன்றாகவே காக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அங்கே விற்கப்படும் அமைதி 1860களின் ஓரியண்டலில் இருந்திருக்க முடியாது. அது கரிப்புழுதியும் பேரமும் மூட்டை முடிச்சும் தவறிய கப்பலின் எரிச்சலும் நிறைந்த இடம். பழைய ஹோட்டலை மீட்டெடுத்தோம் என்பதைவிட, அதன் வியாபாரம் தூங்கிய ஆண்டுகளின் சாந்தத்தை மீட்டெடுத்து விலை வைத்தார்கள் என்பது சரி. 2000களில் கோட்டைக்குள் வெளிநாட்டினரும் கொழும்புச் செல்வந்தரும் வீடுகளை வாங்கிச் சிறு விடுதிகளாக்கியதும் இதே கணக்கில்தான். விற்றுவிட்டு வெளியே போன பழைய குடும்பங்கள் பல. வாங்கியவர்கள் கூரையைச் செப்பனிட்டார்கள் என்பதையும் மறுக்க முடியாது.

2011 நவம்பரில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறந்தது. குதிரை வண்டிக்கு ஒரு பகலும் ரயிலுக்குச் சில மணி நேரமும் பிடித்த கொழும்பு–காலி வழி ஒன்றரை மணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. காலையில் வந்து மதில்மேல் நடந்து, கலங்கரை விளக்கத்தின் முன் படம் எடுத்து, மாலையில் திரும்பிவிடும் கூட்டமே இப்போது அதிகம். இவர்களுக்குக் கட்டில் தேவைப்படுவதில்லை. ஒரு வேளை உணவு போதும். ஆகவே கோட்டைக்குள் ஓட்டல்களும் காப்பிக் கடைகளும் பெருகுகின்றன. இரவு தங்க வைப்பதற்கு இன்றைய விடுதிகள் விழா, விருந்து, பழமை என்று ஏதாவது ஒரு காரணத்தைத் தாமே உண்டாக்க வேண்டியிருக்கிறது. ஓரியண்டலுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை; பயணியை அங்கே நிறுத்திவைக்கும் வேலையைக் கப்பல் கம்பெனியே பார்த்துக்கொண்டது.